பெட்டி சொன்ன பொய்

உத்திராடத்தன்று முற்பகலில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குள் கார் நுழையாது என்று சுபாஷிணிக்குத் தெரியும். படகுத்துறைப் பக்கமே டாக்சியை அனுப்பிவிட்டு, லாரிகளுக்கும் சாக்குமூட்டைகளுக்கும் நடுவே புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். விடிந்தால் திருவோணம். கடைக்குக் கடை ஜனம் நெரிந்தது. ஒவ்வொரு கல்லாவுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன மஞ்சள் பெட்டி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. "நானூறு ரூப லபிச்சு." "ஆயிரத்தி இருநூறு ரூப லபிச்சு."

அவை கைவரவு நிறுவனத்தின் பெட்டிகள். வாடிக்கையாளர் போனில் பணம் அனுப்பியதும், வந்து சேர்ந்தது என்று கடைக்காரருக்கு வாய்விட்டுச் சொல்லும் பெட்டிகள். அந்த நிறுவனத்தின் செயல்பாடுகள் முழுவதும் சுபாஷிணியின் பொறுப்பு. நிறுவனர் கேசவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவள் அவள். வருகிற திங்கட்கிழமை இயக்குநர் குழு கூடி அவளைத் தலைமை நிர்வாகியாக அறிவிக்கப்போகிறது. அதைத் தம்பியிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் சொல்லத்தான் பெங்களூரிலிருந்து முந்தின நாளே வந்து, இன்றைக்குக் கடைக்கே தேடிக்கொண்டு போகிறாள்.

இதே தெருவில் ஒரு வங்கிக் கிளையில்தான் அவள் குமாஸ்தாவாகச் சேர்ந்தது. அப்புறம் சென்னையில் கார்டு பிரிவு, அதற்கப்புறம் மும்பை. இரண்டு தடவை அவள் கைக்கு வரவேண்டிய பதவி அவளுக்குக் கீழே வேலை பழகியவர்களுக்குப் போனது. ஒருமுறை "குடும்பம் இருக்கே, சமாளிக்க முடியுமா?" என்றார்கள். இன்னொரு முறை காரணமே சொல்லவில்லை. கேசவ் அவளைத் தேடி வந்தபோது அவனிடம் ஒரு செயலி இருந்தது, அதை நம்பி வாங்க ஒரு கடையில்லை. சுபாஷிணிதான் முதல் பெட்டியைத் தம்பி வெங்கிட்டுவின் அரிசி மண்டியில் வைத்தாள். வெங்கிட்டு சொல்லித்தான் தெருவே வைத்தது. "என் அக்காவோட கம்பெனியாக்கும்" என்று அவன் சொன்னதைத் தவிர வேறு விளம்பரம் அன்றைக்கு இல்லை.

மண்டி வாசலில் கூட்டம் நின்றிருந்தது. ஓணக் கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போனபோது யாரும் எதையும் வாங்கவில்லை என்பது தெரிந்தது.

கூட்டத்தின் நடுவே, அரிசி மூட்டை ஒன்றின்மேல் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். சிமெண்ட் கறை படிந்த பேண்ட், உதட்டோரம் ரத்தம். அவனுடைய சட்டைக் காலரைப் பக்கத்துக் கடை நாணு பிடித்திருந்தார். வெங்கிட்டு எதிரில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த போன் அவனுடையது இல்லை.

"வெங்கிட்டு, என்னடா இது?"

"நீ உள்ளே போய் இரி அக்கா. இது உனக்குள்ள காரியமில்லை. போலீசுக்குச் சொல்லியாச்சு. ஆள் கள்ளனாக்கும்."

"நான் கள்ளன் இல்லம்மா" என்றான் உட்கார்ந்திருந்தவன். தமிழ் கேட்டதும் அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது. "என் பேரு செல்லதுரை. தென்காசிப் பக்கம். தோப்பும்படியில கட்டட வேலை, மேஸ்திரி. எங்க ஆளுகளுக்கு மாசா மாசம் அரிசி பருப்பு இங்கனதான் வாங்குதேன். முந்தாநாளு வாங்குனதுக்குப் பணம் வரலன்னு அடிக்காங்க. நா அனுப்பிட்டேம்மா."

"அனுப்பினா வரணுமே!" வெங்கிட்டு கத்தினான். "நேத்து ராத்திரி பேங்க் கணக்கைப் பாக்கறேன், காணலை. இன்னிக்கு மறுபடியும் அரிசி வாங்க வந்து நிக்கறான். என்ன தைரியம் பாரு! பொய் ஆப் வெச்சுண்டு ஏமாத்தற கூட்டம் இறங்கியிருக்குன்னு பேப்பர்ல வந்ததே. இவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்."

கூட்டத்தில் யாரோ "அடிச்சாத்தான் சத்யம் பறயும்" என்றார்கள். நாணுவின் பிடி இறுகியது.

போலிச் செயலி மோசடி சுபாஷிணிக்குப் புதிதல்ல. பணம் அனுப்பியதுபோல் திரையில் ஒரு பச்சைக் குறியைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மோசடியை முறியடிக்கத்தான் பெட்டியையே கொண்டுவந்தார்கள். திரையை யாரும் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம், பெட்டியைப் பேச வைக்க முடியாது. அதைச் சொல்லித்தான் லட்சக்கணக்கான கடைகளில் விற்றார்கள். ஆகவே அவள் கேட்ட கேள்வி தன்னியல்பாக வாயில் வந்தது.

"பணம் வரலைன்னா பெட்டி பேசியிருக்காதே. நீ ஏன் அரிசியைக் குடுத்தே?"

"பேசித்து அக்கா. நான் காதால கேட்டேன். பதினாலாயிரம் லபிச்சுன்னு தெளிவா சொல்லித்து. கேட்டப்புறம்தான் மூட்டையை ஏத்தினேன்."

சுபாஷிணி கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நன்னா ஞாபகம் இருக்கா?"

"நாணு சேட்டனும் கேட்டார். கேட்டுப் பாரு."

நாணு தலையாட்டினார். "ஞானும் கேட்டு. இப்போ பெட்டியையும் ஏமாத்தும் இவன்மார்."

அது முடியாது என்பது அங்கிருந்தவர்களில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் தம்பியின் கையிலிருந்து போனை வாங்கினாள். திரையில் குறுக்கே விரிசல் விழுந்திருந்தது. செல்லதுரை சொன்ன எண்ணைப் போட்டுத் திறந்தாள். அவனுடைய வங்கியிலிருந்து வந்த செய்தி இருந்தது: பணம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அவனிடமிருந்து போயிருக்கிறது, வெங்கிட்டுவிடம் வந்து சேரவில்லை. நடுவில் எங்கோ நிற்கிறது. ஆனால் பெட்டி, வந்தது என்று சொல்லியிருக்கிறது.

"யாரும் இவர்மேல கை வெக்கப்படாது. நான் இப்ப வரேன்" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் பின்னாலிருந்த கிடங்குக்குள் போனாள்.

பெங்களூரில் தொழில்நுட்பத் தலைவன் அபிராம் உடனே போனை எடுத்தான். பாலக்காட்டுக்காரன், அவளே தேர்ந்தெடுத்து வேலைக்கு வைத்தவன். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அபிராம், பணம் சேராம பெட்டி எப்படிப் பேசும்?"

"மேடம்... கேசவ் சார்கிட்ட ஒரு தடவை பேசிடுங்களேன்."

"உங்கிட்டதான் கேக்கறேன்."

அவன் சொன்னான். ஓணக் கூட்டம் தொடங்கியதும் பெட்டிகள் தாமதமாகப் பேசுவதாகப் புகார் வந்தது. போட்டி நிறுவனத்தின் பெட்டி முந்திப் பேசியது. கடைகள் மாறத் தொடங்கின. போன வாரம் கேசவ் ஒரு மாற்றம் செய்யச் சொன்னான்: பணம் கடைக்காரரின் வங்கியில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், வாங்குபவரின் வங்கியிலிருந்து கிளம்பியதுமே பெட்டி பேசிவிடட்டும். கிளம்பிய பணம் அநேகமாக எப்போதும் சேர்ந்துவிடும். நெரிசலில் சிலது மட்டும் நடுவழியில் நிற்கும், நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும்.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு சார் சொன்னார். திங்கட்கிழமைக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"எத்தனை கடையில இப்படி ஆயிருக்கு?"

"கேரளா பூரா இருக்கு மேடம். இன்னிக்குத்தான் ஜாஸ்தி. நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிண்டு இருக்கு."

வாசல் பக்கமிருந்து அறை விழும் சத்தம் கேட்டது. யாரோ கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினார்கள். அவள் கேசவின் எண்ணை அழுத்தினாள்.

கேசவ் பதற்றப்படவே இல்லை. "சுபா, யாருக்கும் நஷ்டம் கிடையாது. வெறும் தாமதம். அந்த ஆளோட பணம் ரெண்டு நாள்ல திரும்பிடும்."

"இங்க ஒருத்தரை உக்கார வெச்சு அடிக்கறா, கேசவ். போலீஸ் வந்துண்டிருக்கு."

"அப்ப இந்த ஒண்ணை மட்டும் முடிச்சு வைங்க. உங்க தம்பி கடைதானே? அந்தத் தொகையை நீங்களே குடுத்துடுங்க, கம்பெனி உங்களுக்குக் குடுத்துடும். ஓணம் முடிஞ்சதும் சத்தமில்லாம பழையபடி மாத்திடறேன், சத்தியமா. இன்னிக்கு மாத்தணும்னா எல்லாப் பெட்டியும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஊமையாகும். உத்திராடத்தன்னிக்கு! பங்கு வாங்க வர்றவங்க திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும். நீங்க அந்த நாற்காலியில உக்காரணும். யோசிங்க."

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். மும்பையில் தனக்கு வரவேண்டிய பதவியை வாங்கிக்கொண்டவனின் பதவியேற்புக்குக் கேக் வெட்டக் கூப்பிட்டதும், அவள் போய்ச் சிரித்துக்கொண்டே கைதட்டியதும் நினைவுக்கு வந்தன. கேசவ் சொல்வதில் கணக்குப் பிசகில்லை. பணம் திரும்பிவிடும். இந்த ஆள் வெளியே போய்விடுவான். திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவளே இதைச் சரிசெய்யலாம். அவளைவிட நன்றாக யார் செய்வார்கள்?

வாசலுக்கு வந்தாள். செல்லதுரையின் ஒரு பக்கக் கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. வெங்கிட்டு தன் வலதுகையை இடதுகையால் தேய்த்துக்கொண்டிருந்தான். அடித்தது யார் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

"வெங்கிட்டு, அந்தப் பணத்தை நான் இப்பவே தரேன். இவரை விட்டுடு. போலீஸ்காரா வந்தா ஒண்ணுமில்லைன்னு சொல்லிடு."

"நீ எதுக்குத் தரணும்?"

"தரேங்கறேனோல்லியோ? நாளும் கிழமையுமா, போகட்டும் விடு."

வெங்கிட்டு தயங்கினான். நாணு காலரை விட்டார். "பாவம் தோணி சேச்சி பைசா தருன்னு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "போடா, போய் ரக்ஷப்பெட்டோ. இனி ஈ ரோட்டில் கண்டுபோகருது." இனி இந்தத் தெருவில் தலைகாட்டக்கூடாதாம்.

செல்லதுரை எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம்மா" என்றான்.

"என்ன வேண்டாம்?"

"நீங்க குடுத்தீங்கன்னா நா திருடுனதா ஆயிரும்லா. இந்த அம்மா பாவப்பட்டுக் குடுத்தாங்க, அதான் தப்பிச்சான்னு சொல்லுவாங்க. என்கூட பன்னெண்டு பேரு வேலை பாக்காங்க. அவனுகளும் நாளைக்கு இந்தத் தெருவுக்குள்ள வரணும். போலீசு வரட்டும். நா இருக்கேன்."

அவன் குரலில் வீறாப்பு ஒன்றும் இல்லை. பயந்துதான் போயிருந்தான். ஆனாலும் மூட்டையை விட்டு அசையவில்லை.

தான் என்ன செய்யப் பார்த்தோம் என்பது அவனுடைய வாயால் கேட்ட பிறகுதான் சுபாஷிணிக்கே உறைத்தது. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடிக்கட்டும் என்று நினைத்தாள்.

"இவர் திருடலை" என்றாள். மறுபடி உரக்க, மலையாளத்தில், பிறகு தமிழில் சொன்னாள். "இவர் பணம் அனுப்பியிருக்கார். இவரோட பேங்க்ல இருந்து போயிடுத்து. வழியில நிக்கறது. வந்து சேரறதுக்கு முன்னாலயே பெட்டி, வந்துடுத்துன்னு சொல்லியிருக்கு. தப்பு இவர்மேல இல்லை. பெட்டிமேல. அது எங்க கம்பெனி பெட்டி. நான் அந்தக் கம்பெனியில பெரிய உத்தியோகத்துல இருக்கேன், தெரிஞ்சேதான் சொல்றேன்."

முதலில் புரிந்துகொண்டது நாணுதான். அவர் திரும்பித் தன் கடையைப் பார்த்தார். அவருடைய பெட்டி, "எழுநூற்றம்பது ரூப லபிச்சு" என்றது.

"அப்போ இது?" என்றார்.

"தெரியாது. வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பேங்க் கணக்கைப் பாக்காம சாமானைக் குடுக்காதேங்கோ. இன்னிக்குப் பெட்டியை நம்பாதேங்கோ."

அவள் அங்கேயே நின்று அபிராமைக் கூப்பிட்டாள். "மாத்தினதைப் பழையபடி ஆக்கு. இப்பவே. நிறுத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு, கேசவோட சம்மதம் வேண்டாம். எழுத்துல அனுப்பறேன், உன்மேல பழி வராது."

"மேடம், எல்லாப் பெட்டியும் நின்னுடும்."

"நிக்கட்டும்."

போனிலேயே மூன்று வரி எழுதி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவின் சத்தம் மாறியது. லாரி ஹாரன் இருந்தது, பேரம் இருந்தது, பெட்டிகளின் குரல் மட்டும் ஒவ்வொன்றாக அடங்கியது. அதன்பிறகுதான் உண்மையான அமளி. பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் வெங்கிட்டுவின் மண்டியை நோக்கி வந்தார்கள். "ஓணத் தலேன்னாணோ இது?" ஓணத்துக்கு முந்தின நாளா இப்படி என்று ஒருவர் கத்தினார். பப்படக் கடைக்காரர் தன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டார். "இரண்டு நாள் கச்சவடம்! ஆரு தரும்?" என்று இரண்டு நாள் வியாபாரத்துக்குக் கணக்குக் கேட்டார். யாரோ தள்ளியதில் அவள் மூட்டையின்மேல் சாய்ந்தாள். வெங்கிட்டு குறுக்கே பாய்ந்து கைகளை விரித்து நின்றான். அவன்தானே இத்தனை பேரையும் பெட்டி வைக்கச் சொன்னவன்? அவனைப் பார்த்தும் கத்தினார்கள்.

அவள் ஓடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கையும் திறந்து காட்டச் சொன்னாள். எது வந்தது, எது வரவில்லை என்று நின்ற இடத்திலேயே பார்த்துச் சொன்னாள். நாணுவுக்கு எல்லாம் வந்திருந்தது. பப்படக் கடைக்காரருக்கு மூன்று வரவில்லை. அந்த மூன்று பேரையும் அவர் திருடர்கள் என்று நினைக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போலீஸ் ஜீப் அதற்குள் வந்துவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் இளைஞர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெங்கிட்டுவிடம், "பராதி உண்டோ?" என்று புகார் உண்டா எனக் கேட்டார்.

வெங்கிட்டு தலையைக் குனிந்துகொண்டான். "இல்லை சார்."

"தனக்கோ?" என்று செல்லதுரையிடம் கேட்டார்.

செல்லதுரை வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெங்கிட்டுவைப் பார்த்தான். அவன் என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"என் போனக் குடுக்கச் சொல்லுங்க சார்" என்றான் கடைசியில்.

சுபாஷிணி கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் காதில் வாங்காததுபோல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்துபோனான்.

மறுநாள் ஓணச் சாப்பாட்டில் அக்காவும் தம்பியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. படம் ஊரெல்லாம் பரவியிருந்தது. கேசவ் ஒரே ஒரு முறை கூப்பிட்டான். "வீடியோ பாத்தேன். திங்கட்கிழமை வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான். அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, இந்தத் தொழிலைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்னால் கேசவுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை இயக்குநர் குழு அறையில் அவளுக்கான நாற்காலி வழக்கமான இடத்திலேயே இருந்தது. கேசவ் ஒரு அறிக்கையை நகர்த்தினான். வங்கிகளின் தரப்பில் ஏற்பட்ட நெரிசலால் சில அறிவிப்புகள் பிசகின, கைவரவு விழிப்போடு செயல்பட்டு உடனே நிறுத்தியது என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவள் பெயர், தலைமை நிர்வாகி என்ற பதவியோடு.

"இதுல நீங்கதான் நல்லவங்க" என்றான் கேசவ். "நிறுத்தினது நீங்கன்னே போட்டிருக்கோம். கையெழுத்துப் போட்டா எல்லாம் நம்ம கையில இருக்கும்."

"மாத்தச் சொன்னது யார்னு இதுல இல்லையே."

"அதை எழுதினா கம்பெனி நிக்காது சுபா."

"எழுதாம நின்னா மட்டும் அடுத்த ஓணத்துக்கு என்ன ஆகும்?"

குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் பேனாவை எடுத்து, திருத்தம் எழுதலாமா என்று கேட்டாள். கூடாது என்றார்கள். அரைமணி நேரம் கழித்து அவள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வெளியே வந்தபோது அவளுடைய அலுவலக அட்டை வாசல் கதவைத் திறக்கவில்லை. காவலாளி தன் அட்டையால் திறந்துவிட்டார்.

அதிகாரிகள் வந்தார்கள், விசாரித்தார்கள், அபராதம் போட்டார்கள். நடுவழியில் நின்ற பணமெல்லாம் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கேசவ் பதவி விலகவில்லை. பங்கு வாங்க வந்தவர்கள் விலையைக் குறைத்துக்கொண்டு வாங்கினார்கள். சுபாஷிணியை மூன்று நிறுவனங்கள் கூப்பிட்டுப் பேசின. மூன்றுமே மரியாதையாகப் பேசி, அப்புறம் கூப்பிடவில்லை.

வெளியே வந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே வெங்கிட்டு போன் செய்தான். கம்பெனியில் என்ன ஆயிற்று என்று கேட்பான் என்று நினைத்தாள். அவன் வேறு ஏதோ சொல்லத் திணறினான்.

"அக்கா, தோப்பும்படிக்குப் போயிருந்தேன். அந்த ஆள் இருக்கற எடத்தைத் தேடிப் பிடிச்சேன்."

"என்ன சொன்னே?"

"தப்பாயிடுத்துன்னேன். ரெண்டு மூட்டை அரிசி கொண்டுபோயிருந்தேன். அவன் வாங்கிக்கலை. போன் கண்ணாடி மாத்தின ரசீதைக் காட்டினான், அந்தப் பணத்தை மட்டும் வாங்கிண்டான். இனிமே நம்ம கடைக்கு வரமாட்டானாம். நாணு சேட்டன்கிட்டயும் வாங்கமாட்டானாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மூட்டையைத் திருப்பி வண்டியில ஏத்தணும். ஒத்தை ஆளா முடியலை. அவனே ஒரு பக்கம் பிடிச்சு ஏத்திவிட்டான்." வெங்கிட்டுவின் குரல் கம்மியது. "ஒரு வார்த்தை பேசலை அக்கா. ஏத்திட்டு உள்ளே போயிட்டான்."

தம்பி அழுகிறானா என்று சுபாஷிணி கேட்கவில்லை. தனக்கு வேலை போனதையும் அன்றைக்குச் சொல்லவில்லை.